ஏற்றத்தில் தட்டும் எஞ்சின்

மேட்டுப்பாளையம் வரை புல்லட் ஒரு குறையும் இல்லாமல் வந்திருக்கும். கல்லாறு தாண்டி மலைப்பாதை தொடங்கி, பர்லியார் போய்ச் சேர்வதற்குள் காலடியில் ஒரு சத்தம் எழும். புகைக்குழாயின் வழக்கமான ‘டப் டப்’புக்கு அடியில், கனத்து மந்தமாக ஒரு ‘டொக் டொக்’. ஆக்சிலேட்டரை விட்டால் மறைகிறது, முறுக்கினால் திரும்புகிறது. பின்சீட்டில் ஆள் இருந்தால் இன்னும் பலமாகக் கேட்கிறது. குன்னூரில் பட்டறை ஒன்றில் நிறுத்தினால் மெக்கானிக் எஞ்சினைக்கூடத் தொடாமல் சொல்லிவிடுவார்: “டாப் கியர்லயே இழுக்க விட்டிருக்கீங்கண்ணா. ரெண்டாவதுல போட்டு, ரேஸ் கொடுத்து ஏத்தணும்.”

ஓட்டி வந்தவருக்கு இது புரிவதில்லை. எஞ்சினை அலறவிடாமல் நிதானமாக ஏறியதுதானே நல்லது? வேகமாகச் சுழலும் எஞ்சின்தானே சீக்கிரம் தேயும்? மெதுவாகச் சுழன்றது எப்படி அடி வாங்கியது?

கேள்வி நியாயமானது. இதற்கு விடை தேடிப் போனால் 1880-களின் ஓர் ஆய்வுக்கூடம், திருவொற்றியூர்த் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தின் ஒரு சிறிய பட்டறை என்று பல இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. தயாரித்தவர் விட்ட குறையை வெளியில் இருக்கும் ஒரு கைவினைஞர் எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறார் என்பதும் அந்த வழியில் தெரிந்துவிடும்.

தட்டும் இடம்

முதலில் இரண்டு சத்தங்களைப் பிரித்துவிட வேண்டும். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது ‘கிணுகிணு’ என்று மெல்லிசாக வருவது சிலிண்டருக்குள் பெட்ரோல் முறைதவறி வெடிக்கும் சத்தம். அது வேறு நோய். நாம் பேசும் கனத்த சத்தம் அதற்கும் கீழே, கிராங்கில் பிறக்கிறது.

பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அந்தப் போக்குவரத்தைச் சுழற்சியாக மாற்றுவது கனெக்டிங் ராடு. அதன் மேல்முனை பிஸ்டனிலும் கீழ்முனை கிராங்கின் பின்னிலும் மாட்டியிருக்கும். கீழ்முனையைப் பட்டறைகளில் ‘பிக் எண்ட்’ என்பார்கள். ஒவ்வொரு வெடிப்பின் அடியும் கடைசியில் வந்து விழுவது இங்கேதான்.

பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர் புல்லட்டில் இந்த இடத்தில் குண்டுகளோ உருளைகளோ கிடையாது. ஒரு புஷ் மட்டும் இருக்கும். எஃகு வளையம், உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் எனப்படும் மென்மையான பூச்சு. அது பின்னோடும் ஒட்டியிருக்காது, ராடோடும் ஒட்டியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் தானும் தன் போக்கில் சுழலும். அதனால் அதற்கு ‘மிதக்கும் புஷ்’ என்று பெயர். பின்னுக்கும் ராடுக்கும் இடையிலான வேகத்தை இரண்டு படலங்கள் பங்கிட்டுக்கொள்வதால் சூடும் உராய்வும் குறையும் என்பது இதன் தத்துவம். செலவு குறைவு, சத்தமும் இல்லை. சமவெளிச் சாலையில் சீரான வேகத்தில் ஓடும் வண்டிக்கு அருமையான ஏற்பாடு.

தட்டும் எஞ்சினைப் பிரித்து அந்தப் புஷ்ஷைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல புஷ் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக, நகம் வழுக்கும் அளவுக்கு வழவழப்பாக இருக்கும். அடி வாங்கியதில் சுற்றிலும் மெல்லிய கோடுகள் ஓடும். சில இடங்களில் பூச்சு உரிந்து எஃகு பளபளக்கும். எண்ணெய் வடிகட்டியைப் பிழிந்தால் வெள்ளித் துகள்கள் விரலில் ஒட்டும். உலோகம் உலோகத்தைத் தொட்டதற்கு அவைதான் சாட்சி. அப்படியென்றால் மற்ற நேரங்களில் தொடுவதில்லையா?

தொடுவதில்லை. இந்த அத்தியாயத்தின் மையமே அதுதான்.

டவர் போட்ட துளை

1883-இல் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விட வசதியாக இருக்கட்டும் என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியாக வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், பிதுங்கி வந்துவிட்டது. மரமுளை அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தபோது, பேரிங் மீது அவர் வைத்திருந்த சராசரிச் சுமையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் எண்ணெய்க்குள் இருந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, 1886-இல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் காரணம் சொன்னார். சுழலும் அச்சு சரியாக நடுவில் நிற்பதில்லை, சுமை அழுத்தும் பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் எண்ணெய் நிற்கும் இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். அச்சு தன் மேற்பரப்பில் ஒட்டிய எண்ணெயை அகலத்திலிருந்து குறுகலுக்குள் இழுத்துப் போகிறது. போக இடமில்லாத எண்ணெய் அழுத்தம் பெற்று, முழுச் சுமையையும் தூக்கி நிறுத்துகிறது. இதை ‘எண்ணெய் ஆப்பு’ என்று அழைப்போம். கொட்டும் மழையில் வேகமாக ஓடும் காரின் டயர் தண்ணீர்மேல் ஏறி, சாலையைத் தொடாமல் வழுக்குகிறதே, அதே இயற்பியல்தான். சாலையில் அது ஆபத்து. பேரிங்கில் உயிர்நாடி.

அந்த மழைக்காட்சியில் நாம் பார்க்க வேண்டியது வேகத்தைத்தான். கார் மெதுவாகப் போனால் டயர் தண்ணீரைப் பிதுக்கிவிட்டுத் தரையைத் தொட்டுவிடும். புஷ்ஷும் அப்படியே. படலம் தடிமனாக நிற்க மூன்று துணைகள் வேண்டும்: வேகமான சுழற்சி, பிசுபிசுப்பான எண்ணெய், மிதமான சுமை. மூன்றில் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் தாங்கிப் பிடிக்கும்.

பர்லியார் ஏற்றத்தில் மூன்றும் சேர்ந்து கைவிடுகின்றன.

நான்காவதா, இரண்டாவதா?

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எண்கள் தோராயமானவை, ஆனால் வித்தியாசம் மிகப் பெரியது என்பதால் அந்தத் தோராயம் பாதகம் இல்லை.

350 சிசி புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. பிஸ்டன் தலையின் பரப்பு 38 சதுர செ.மீ.க்குச் சற்று மேல். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினால், வெடிப்பு உச்சத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் சுமார் 35 கிலோ அழுத்தம் வரும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,350 கிலோ. ஒரு சிறிய காரைவிட அதிகமான பாரம் பிக் எண்ட் மீது ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்குகிறது.

இப்போது இருவர் ஒரே ஏற்றத்தை மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் ஏறுகிறார்கள். ஒருவர் நான்காவது கியரில், மற்றவர் இரண்டாவதில்.

நான்காவதில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று சுற்றும். ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கும், 1,350 கிலோவும் இறங்கும். இதிலிருந்து ஒரு சிறு தள்ளுபடி உண்டு. மேலே வந்த பிஸ்டன் நின்று திரும்ப வேண்டும். அதன் எடையை இழுத்து நிறுத்தும் விசை, வெடிப்பின் அழுத்தத்துக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. 1,500 சுற்றில் அந்த எதிர்விசை ஏறத்தாழ 70 கிலோதான். மிச்சம் 1,280 கிலோவைப் புஷ் தாங்க வேண்டும்.

இரண்டாவது கியரில் அதே சாலை வேகத்துக்கு எஞ்சின் 2,750 சுற்று சுற்றுகிறது. வண்டியை மேலேற்றத் தேவையான மொத்த வேலை அதேதான். ஆனால் அது ஏறத்தாழ இரு மடங்கு வெடிப்புகளுக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு வெடிப்பும் பாதியளவு தள்ளினால் போதும். சுமார் 735 கிலோ. பிஸ்டனின் எதிர்விசையோ சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது, அதாவது வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 2,750 சுற்றில் அது 235 கிலோ அளவுக்கு வந்துவிடும். கழித்தால் 500 கிலோ.

1,280 எங்கே, 500 எங்கே! அதோடு முடியவில்லை. குறைந்த சுமையைத் தாங்கும் இந்த இரண்டாவது எஞ்சினில் எண்ணெய் ஆப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு வேகத்தில் இழுக்கப்படுகிறது. சுமை, வேகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் படலத்துக்குக் கிடைக்கும் சாதகம் நான்கு மடங்குக்கும் மேல். மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் ஒவ்வொரு அடியும் அதிக நேரம் நீடிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. எண்ணெய் பிதுங்கி வெளியேற அவகாசம் கிடைக்கிறது.

ஆக, அலறுகிற எஞ்சின்தான் இங்கே சுகமாக இருக்கிறது. முனகிக்கொண்டே ஏறுகிற எஞ்சின் தன் புஷ்ஷைத் தின்றுகொண்டிருக்கிறது.

மலைக்காற்றின் பங்கு

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கிலேயே நிற்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றும் அதே அளவு குறைவதால் இழுவையும் கால் பங்கு குறைந்துவிடும். ஊட்டியில் வண்டிக்கு மூச்சு வாங்குவதாக எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் புஷ்ஷின் பார்வையில் இது நல்ல செய்தி. காற்று மெலிந்தால் வெடிப்பின் அடியும் மெலியும். எனவே மிக மோசமான இடம் ஊட்டியோ தொட்டபெட்டாவோ அல்ல. கல்லாறுக்கும் பர்லியாருக்கும் நடுவே, காற்று இன்னும் அடர்த்தியாக இருக்கும்போதே சாலை செங்குத்தாகிவிடும் கீழ்மலைப் பகுதிதான். அங்கே வெயிலும் இருக்கிறது. முன்னால் தேயிலை லாரி ஊர்ந்து போனால் சிலிண்டரின் இறக்கைகளில் காற்றே படாது. 100 டிகிரியில் எண்ணெய்க்கு இருக்கும் பிசுபிசுப்பு 130 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். வேகம் குறைந்தது, சுமை கூடியது, இப்போது எண்ணெயும் நீர்த்துவிட்டது.

எண்ணெய் போகும் வழி

இதுவரை புஷ்ஷுக்கு எண்ணெய் தவறாமல் வந்து சேர்கிறது என்றே பேசினோம். வார்ப்பிரும்பு புல்லட்டில் அதுவும் சற்றுத் தயக்கத்துக்குரியது.

எண்ணெயைத் தள்ளும் பம்ப் கிராங்கின் முனையில் உள்ள திருகுப்பல்லால் இயங்குகிறது. எஞ்சின் மெதுவானால் பம்பும் மெதுவாகும். புஷ்ஷுக்கு மிகுதியாக எண்ணெய் வேண்டிய அதே நேரத்தில் வரத்து குறைகிறது. டைமிங் கவருக்குள் வந்த எண்ணெய் அசையாத கவரிலிருந்து சுழலும் கிராங்குக்குள் தாவ வேண்டும். அந்தத் தாவலைக் காவல் காப்பது ஒரு சின்னஞ்சிறு சீல், அவ்வளவுதான். எஞ்சின் வேலை முடித்துக் கவரை மூடும்போது அது மடங்கினாலோ, பழையதையே மறுபடி போட்டாலோ, எண்ணெய் கிராங்குக்குள் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. அளவுகோலில் எண்ணெய் நிறைவாகவே காட்டும். பிக் எண்ட் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். அனுபவசாலிகள் கவரைத் திறந்தால் இந்தச் சீலை மாற்றாமல் மூடுவதே இல்லை.

தொழிற்சாலைக்கு வெளியே

இந்த எஞ்சின் இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாக என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் தயாரிப்பு வேரூன்றியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் 2000-களின் இறுதி வரை இங்கே தொடர்ந்தது. அரை நூற்றாண்டு ஒரே வடிவமைப்பு ஓடினால், அதன் பலவீனங்களை அறிந்த கைகள் தொழிற்சாலைக்கு வெளியே பெருகிவிடும். ஒரு வடிவமைப்பாளர் புத்தம்புது எஞ்சினைத்தான் பார்க்கிறார். பட்டறைக்காரர் பார்ப்பதோ எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் கெட்டுப்போனதை. எந்த இடம் முதலில் தோற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எஞ்சின் விஷயத்தில் இந்த அறிவுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர்கள் கண்ட தீர்வு, புஷ்ஷை எடுத்துவிட்டு ஊசி உருளை பேரிங் போடுவது. மெல்லிய எஃகு உருளைகள் பின்னைச் சுற்றி வரிசையாக நிற்கும். உருளும் பொருளுக்கு எண்ணெய் ஆப்பு கட்டாயம் இல்லை. மெதுவாகச் சுற்றினாலும் அது உருண்டுகொண்டுதான் இருக்கும். கொஞ்சம் எண்ணெய்த் துளிகள் தெறித்தால் போதும். ஏற்றத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டும் பழக்கத்தை இது பெருமளவு மன்னித்துவிடும்.

சொல்வது எளிது, செய்வது நுட்பமான வேலை. கிராங்கின் இரு சக்கரங்களையும் பிரிக்க வேண்டும். உருளைகள் ஓடும் பரப்பு மிகக் கடினமாகப் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் சில ஆயிரம் கிலோமீட்டரில் குழி விழுந்துவிடும். திரும்பச் சேர்த்தபின் கிராங்கை இரு தாங்கிகளில் வைத்து, டயல் கேஜை மேலே நிறுத்தி, கையால் மெல்லச் சுழற்றுவார்கள். முள் ஆடும். எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து, செம்புச் சுத்தியலால் சக்கரத்தின் விளிம்பில் ஒரு தட்டு. மறுபடி சுழற்றல், மறுபடி ஒரு தட்டு. ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குக்குள் முள் அடங்கும் வரை இது நடக்கும். நல்ல காதும் பொறுமையும் வேண்டிய வேலை. நீலகிரியின் அடிவாரத்தில் கோவை இருப்பது இதற்கு வசதி. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய லேத் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதனும் அந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எக்லியின் புல்லட்

புல்லட்டைத் திருத்திய வெளியாட்களில் உலகறிந்தவர் சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் எக்லி. 1960-களின் இறுதியில் வின்சென்ட் என்ற ஆங்கிலேய பைக்கின் எஞ்சினை வைத்துக்கொண்டு, சட்டத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, பெரிய ஒற்றைக் குழாயை முதுகெலும்பாகக் கொண்ட தன் சட்டத்தைப் போட்டார். 1968-இல் அந்த வண்டியில் சுவிஸ் மலையேற்றப் பந்தய சாம்பியன் ஆனார். எஞ்சின் பலமானது, சட்டம்தான் நெளிகிறது என்று சரியாக நோயறிந்ததுதான் அவர் சாதனை.

பின்னாளில் அவர் கவனம் சென்னையின் ஒற்றைச் சிலிண்டர் பக்கம் திரும்பியது. 500 சிசி எஞ்சினின் விட்டம் 84 மி.மீ. அதை 87 ஆக்கினார். கொள்ளளவு 535 சிசி ஆனது. பிஸ்டன் ஓட்டத்தையும் 90-லிருந்து 105 மி.மீ.க்கு நீட்டியபோது 624 சிசி. அவர் வகுத்த 535 வடிவம் திருவொற்றியூருக்கே திரும்பி வந்து, 1990-களின் பிற்பகுதியில் ‘லைட்னிங்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. வெளியாள் செய்த திருத்தத்தை நிறுவனமே ஏற்றுக்கொண்ட அரிய நிகழ்வு இது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. போர்ஷே 1990-களின் இறுதியில் வெளியிட்ட பாக்ஸ்டர், 911 கார்களின் எஞ்சினில் இடைத்தண்டு ஒன்றைத் தாங்க, கிரீஸ் அடைத்து மூடிய குண்டு பேரிங் இருந்தது. காலப்போக்கில் எஞ்சின் எண்ணெய் மூடியைத் தாண்டிக் கசிந்து கிரீஸைக் கரைத்தது. உள்ளே போன எண்ணெயும் புதுப்பிக்கப்படாமல் கெட்டது. பேரிங் உடைந்தால் முழு எஞ்சினும் போயிற்று. அமெரிக்காவின் எல்என் எஞ்சினியரிங் போன்ற தனிப் பட்டறைகள் மூடியை அகற்றி, செராமிக் குண்டுகள் கொண்ட திறந்த பேரிங்கைப் போட்டன. எஞ்சின் எண்ணெய் தாராளமாக வந்து நனைத்துப் போகட்டும் என்பதே யோசனை. உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. விலையில் புல்லட்டுக்கும் இந்தக் காருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இரண்டிலும் தோற்றது எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாததால்தான்.

சுமை எங்கே போகிறது?

திருத்தம் செய்தவர் கவனிக்க வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. 70 மி.மீ. பிஸ்டனில் 1,350 கிலோ என்று கணக்கிட்டோம். அதே அழுத்தத்தில் 87 மி.மீ. பிஸ்டன் மீது 2,000 கிலோவுக்கு மேல் இறங்கும். ஊசி உருளை பேரிங் அதைத் தாங்கிவிடும். ஆனால் அந்த விசை அங்கேயே கரைந்துவிடாது. கிராங்கைப் பிடித்திருக்கும் பக்கப் பேரிங்குகளுக்குப் போகும். அங்கிருந்து செயின் வழியாக கிளட்சுக்கும், 350 சிசி காலத்தில் வடிவமைத்த நான்கு கியர் பெட்டிக்கும் போகும். பிஸ்டன் ஓட்டத்தை 105 மி.மீ.க்கு நீட்டினால் அதே சுற்று வேகத்தில் பிஸ்டன் ஆறில் ஒரு பங்கு வேகம் கூடி ஓடும். நின்று திரும்பும் விசையும் அதே விகிதத்தில் கூடும். அதனால் பெரிய பிஸ்டன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் நல்ல பட்டறைக்காரர் முதலில் கிளட்ச் தட்டுகளைக் காட்டச் சொல்வார். அடுத்து, கூடுதல் எண்ணெய் தள்ளும் பம்ப் போட்டாயிற்றா என்று கேட்பார். பிஸ்டன் பெட்டியைப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.